ஒரு கை இல்லாத பெஞ்சு

எங்கள் தலைநகர் மனாமாவில் ஒரு கடைக்காரன் எனக்கே அரபு நாட்டை விற்கப் பார்த்தான். உணவகங்களுக்கென்றே மேசை, நாற்காலி செய்து தருகிற கடை அது. தடித்த படப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். ஒட்டகப் படம் பின்னிய திண்டுகள், சிம்மாசனம் மாதிரி தங்க முலாம் பூசிய நாற்காலிகள், கூடாரத் துணி போர்த்திய சோபா. அரபு உணவகம் என்றால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றான். எல்லோரும் என்றால் யார் யார் என்றேன். லண்டனில் ஒருவராம், கோலாலம்பூரில் ஒருவராம்.

நான் பக்கத்துத் தீவு முஹர்ரக்கில் பிறந்த அரபுக்காரி. அறுபத்திரண்டு வயதாகிறது, ஒட்டகத்தின் முதுகில் ஒரு நாளும் ஏறியதில்லை. எங்கள் வாப்பா படகுக்காரர்களுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்றவர், சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் இல்லை. இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் மகள் முனீரா கையைக் கிள்ளி என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"உம்மா, நாம நாற்காலி வாங்க வந்தோம். சண்ட வாங்க இல்ல" என்றாள் காரில்.

உணவகம் அவளுடைய யோசனை. இடம் என்னுடைய யோசனை. எங்கள் பழைய வீட்டின் முன்னறை, அதாவது வாப்பாவின் மஜ்லிஸ். அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் தெருவின் ஆண்களெல்லாம் அங்கே வந்துவிடுவார்கள். சுவரோரம் நான்கு பக்கமும் கைவைத்த மரப்பெஞ்சுகள். நடுவில் கரியடுப்பு, ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்ட கஹ்வா காப்பி. கடையிலிருந்து வாப்பாவின் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும் தார்க்கயிற்று வாசனை. வாப்பா மவுத்தான பிறகு வீட்டை வாடகைக்கு விட்டோம். யார் யாரோ வந்து போனார்கள். பெஞ்சுகள் எந்த வருடம், யார் வீட்டு அடுப்புக்குப் போயின என்று தெரியாது. வெறும் சுவர்தான் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது.

அந்தச் சுவரைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். பழைய மஜ்லிஸ் எப்படி இருந்ததோ அப்படியே செய்ய வேண்டும். பெஞ்சு, திண்டு, எல்லாம். அதில் உட்கார்ந்து ஊரார் மீன் மச்பூஸ் சோறு சாப்பிட வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அறையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? ஆறேழு வயதில் கஹ்வாக் கூஜாவையும் சின்னக் கோப்பைகளையும் தட்டில் வைத்து உள்கதவு வரை கொண்டுபோவேன். அதோடு சரி. பத்து வயதானதும் கதவுப் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. நான் பார்த்த மஜ்லிஸெல்லாம் கதவிடுக்கில் தெரிந்த மஜ்லிஸ்தான்.

அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர், என் அண்ணன் கானிம். அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் அவர்தான் இந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே. வீடு இருவருக்கும் பொது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்:

"பின்னாடி ரூம்ல கடை வெச்சுக்கோ, முத்தத்துல வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மஜ்லிஸ்ல வேண்டாம் லுல்வா. வாப்பா வந்தவன கையப் புடிச்சு உக்கார வெச்சு கஹ்வா குடுத்த எடம் அது. அங்க நீ சாப்புட்டவன் கையில பில்லு குடுக்கப் போறியா? அதப் பாக்க நான் வரல."

நானும் விடவில்லை. ஊர் முழுக்க மஜ்லிஸ் பூட்டிக் கிடக்கிறது, சாவி துருப்பிடிக்கிறது, நான் திறக்கிறேன், அது தப்பா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

வெளியே வீறாப்பாகப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அண்ணன் உள்ளே வர வேண்டும், உட்கார வேண்டும், சுற்றிப் பார்த்துவிட்டு "ஆமாம், இதுதான்" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் அது வெறும் சாப்பாட்டுக் கடை. கூட்டம் வழிந்தாலும் வெறும் கடைதான்.

ஸித்ராவில் மக்கி என்று ஒரு தச்சர் இருக்கிறார். வாய் ஓயாத மனிதர். கட்டிலும் செய்வார், கதவும் செய்வார், கேட்டால் படகுக்குச் சுக்கானும் செய்வேன் என்பார். அவரிடம் போய் நின்றேன். என்ன மரம் என்றார். தேக்கு என்றேன். வண்ணமா, எண்ணெயா என்றார். எண்ணெய். முதுகுச் சாய்வில் செதுக்கு வேலை வேண்டுமா என்றார். நேரான மரக்கம்பிகள் போதும், கதவோரத்து முதுகுகள் அவற்றில் சாய்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன் என்றேன். இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடினால் தெரிந்தது. மெத்தையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு, அதுவும் தெரிந்தது. அப்புறம் அவர் உயரம் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அந்தக் கதவருகே நின்றேன். தட்டு கையில் இருக்கிறது. பெஞ்சின் விளிம்பு எங்கே வருகிறது? இங்கே. தரையிலிருந்து அந்த இடத்துக்குக் கையை நீட்டிக் காட்டினேன். மக்கி அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உம்மு முனீரா, இது சோறு வெக்கிற மேச ஒசரம். ஆள் உக்கார்ற ஒசரம் இல்ல."

"நான் கண்ணால பாத்தவ. நீ பாத்தியா?"

"ஆம்பளைங்க உக்காந்த எடத்த நீங்க எங்கேருந்து பாத்தீங்க?"

"கதவுலேருந்து."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"மக்கி, உனக்கு இழைப்புளி புடிக்கத் தெரியுமா, கேள்வி கேக்க மட்டும்தான் தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். சொன்னபடி செய்து தருவதாகவும், உயரமாக இருந்தால் பிறகு அறுத்துக்கொள்ளலாம், குட்டையாகப் போனால்தான் ஒட்ட முடியாது என்றும் சொன்னார். இவ்வளவு வியாக்கியானம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கிளம்பும்போதுதான் இன்னொன்று நினைவு வந்தது. உள்கதவை ஒட்டி வருகிற பெஞ்சுக்கு மட்டும் கதவுப் பக்கம் கை வேண்டாம் என்றேன். மற்ற எல்லா பெஞ்சுக்கும் இரண்டு கை, அதற்கு ஒன்றே ஒன்று.

ஏன் என்றார். தெரியாது என்றேன். ஒரு கை இல்லாமல் வேலை அரைகுறையாகத் தெரியும், பார்ப்பவன் தன்னைத்தான் திட்டுவான் என்றார். முனீராவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். அப்படித்தான் இருந்தது, அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஓரத்தில்தான் வாப்பா உட்காருவார். வீட்டுக்காரருக்குரிய இடமே இல்லை அது. நடு இடம் எதிர்ச்சுவரில் இருந்தது. இவரோ உள்கதவை ஒட்டி, கடைசியில். நான் தட்டோடு வந்து கதவை மெல்லத் தட்டுவேன். அவர் பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது கையை மட்டும் நீட்டுவார். கூஜா போகும், கோப்பைகள் போகும். பிறகு அந்தக் கை மறுபடியும் வரும். உள்ளங்கையில் வறுத்த கடலையோ, ஒரு பேரீச்சம்பழமோ இருக்கும். எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். என் வாப்பாவின் முகம் இப்போது எனக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது. அந்தக் கையின் ஒவ்வொரு ரேகையும் தெரிகிறது.

பெஞ்சுகள் வந்து இறங்கின. சுவரோரம் போட்டு, மெத்தை விரித்து, திண்டு வைத்தோம். மக்கியின் வேலை குறை சொல்ல முடியாதது. எண்ணெய் பூசிய தேக்கு வாசனையில் நான் கொஞ்ச நேரம் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. பிறகு திறப்பதற்கு முன் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று முனீரா பக்கத்து வீட்டு ஜாசிமின் வாப்பாவை, எங்கள் பேச்சில் பூ ஜாசிமை, இன்னும் சில கிழவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

பூ ஜாசிம் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, ஒரு எம்பு எம்பி ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. அடுத்தவருக்கும் எட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதில்மேல் உட்கார்ந்த மாதிரி வரிசையாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

எங்கள் ஊர் வழக்கம்தான் காலை வாரியது. மஜ்லிஸில் ஒருவர் சலாம் சொல்லி உள்ளே வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். வந்தவர் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வருவார். மேசை நாற்காலி போட்ட கடையில் யாரும் யாருக்கும் எழுந்திருப்பதில்லை. நான் சுவரோரம் பெஞ்சு போட்டு அசல் மஜ்லிஸாகவே செய்து வைத்திருந்தேனே, கிழவர்களுக்கு அது கடை என்பதே மறந்துவிட்டது. ஒருவர் வந்தார், எல்லோரும் குதித்து இறங்கினார்கள், கை கொடுத்தார்கள், முனகிக்கொண்டு ஏறினார்கள். சாப்பாட்டில் கை வைப்பதற்குள் இன்னொருவர். மறுபடியும் இறக்கம், மறுபடியும் ஏற்றம். மீன் மச்பூஸ் ஆறிப் போய்ப் பாறையாக உட்கார்ந்திருந்தது.

"லுல்வா, இது மஜ்லிஸா தேகப்பயிற்சியா?" என்றார் பூ ஜாசிம், மூச்சு வாங்கியபடி. "இன்னும் ஒருத்தன் சலாம்னு உள்ள வந்தான்னா, நான் பதில் சலாம் கபுருக் குழியிலேருந்துதான் சொல்லணும்."

முனீரா அன்றைக்கே மக்கிக்குப் போன் செய்து சனிக்கிழமை வந்து கால்களை அறுக்கச் சொல்லிவிட்டாள். எல்லோரும் போன பிறகு நான் தனியே அந்த அறையில் நின்றேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணை மூடிக் கையை நீட்டிக் காட்டினேனே, அது அந்த ஏழு வயதுச் சிறுமிக்குத் தெரிந்த உயரம். அவளுக்கு எல்லாமே உயரம்தான். அவ்வளவு வாய் பேசினேனே மக்கியிடம். இந்த அறையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது, கதவுக்கு வெளியே நின்றவள் கதவுக்கு வெளியே நின்றவள்தான் என்று வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பூ ஜாசிம் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வதில் வல்லவர். ஒட்டகத்தின்மேல் ஏறுவதற்காக லுல்வா பெஞ்சு செய்திருக்கிறாள், ஏணி தனியாக வருகிறதாம் என்று பள்ளிவாசல் வாசலில் ஒரே சிரிப்பாம். அந்தச் சிரிப்பு அண்ணன் காதிலும் விழுந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை மக்கி ரம்பத்தோடு வந்து முதல் பெஞ்சைக் கவிழ்த்துக் காலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அண்ணன். வெள்ளை அங்கியில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. சிரிக்க வந்தாரா, சண்டைக்கு வந்தாரா என்று தெரியவில்லை.

சலாம் சொன்னார். உள்ளே வந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே, ஊரெல்லாம் வாப்பா மஜ்லிஸைச் சொல்லிச் சிரிக்கிறது, வீட்டில் படுத்துக் கிடக்க முடியவில்லை, அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறாய் என்று பார்க்க வந்தேன் என்றார். நான் ஒதுங்கி வழி விட்டேன். நான் சண்டைக்கு நிற்காதது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

தடியை ஊன்றிச் சுவரோரமாக நடந்தார். நேர்க்கம்பிச் சாய்வை விரலால் தடவினார். மெத்தையின் கோட்டைக் குனிந்து பார்த்தார். உள்கதவை ஒட்டிய பெஞ்சின் அருகே வந்ததும் நின்றுவிட்டார். கை இல்லாத அந்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"இத யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அப்படித்தான இருந்துச்சு?"

"ஏன் அப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். மக்கி கோடு போடுவதை நிறுத்திவிட்டார்.

"உன் புருவத்துல தழும்பு இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

"கதவுத் தாழ்ப்பாள் இடிச்சதுன்னு உம்மா சொல்லுவாங்க."

"தாழ்ப்பாள் இல்ல. இந்தக் கைதான். நீ தட்டத் தூக்கிட்டு ஓடியாந்தே, வாப்பா கூஜா வாங்க எதிர்ப் பக்கத்துலேருந்து எழுந்து வந்தார், நீ நேரா வந்து இதுல மோதினே. ஒரே ரத்தம். மஜ்லிஸ் நெறைய ஆளு. வாப்பா உன்னத் தூக்கிட்டு உள்ள போனவர், மறுநாள் விடியக்காலம் சுபுஹு தொழுது முடிச்சதும் ரம்பத்த எடுத்துட்டு வந்தார். தச்சனக் கூப்புடலாம்னேன், கேக்கல. அவரே அறுத்தார். எண்ணெ போட்டுத் தேய்ச்சார். அன்னிலேருந்து அந்த ஓரந்தான் அவருக்கு. நடுவுல வந்து உக்காருங்கன்னு எத்தன பேர் கூப்புட்டாங்க தெரியுமா? ஒத்தக்கை பெஞ்சுக்காரர்னு கேலி வேற. சிரிச்சுக்குவார். எழுந்து போக மாட்டார்."

நான் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடங்களாக அந்த அறையில் எனக்கு இடமே இல்லை என்று நினைத்திருந்தேன். அண்ணனுக்கு இந்த மாதிரி நேரங்கள் பிடிக்காது.

"எனக்குப் பல்லு ஒடஞ்சுது, மாடிப்படியில விழுந்து" என்றார். "ஒரு படியக்கூட அறுக்கல அந்த மனுஷன்."

பிறகு தடியை என்னிடம் கொடுத்தார். மக்கி கைகொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விளிம்பைப் பிடித்து ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தார். எழுபது வயது மனிதர், செருப்புக் கால்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை மெல்ல ஆட்டினார்.

"சின்ன வயசுல எனக்கும் எட்டாது" என்றார். "வாப்பா பக்கத்துல உக்கார வெப்பார். பெரியவங்க பேசிட்டே இருப்பாங்க. நான் இப்படித்தான் கால ஆட்டிட்டு இருப்பேன். ஆட்டாதடான்னு தொடையில ஒண்ணு வெப்பார்." அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆமா லுல்வா. இதேதான்."

நான் அங்கேயே நின்று அழுதேன். மக்கி மரியாதையாகத் திரும்பிக்கொண்டு ரம்பத்தின் பல்லை எண்ணுவதுபோல் நடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, அறுக்கலாமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்டார்.

"மத்ததெல்லாம் அறு" என்றார் அண்ணன். "கெழவனுங்க பாவம். இதுல கை வெக்காத." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் கடைய நீ நடத்து. மத்த பெஞ்சுல என்ன வேணா வித்துக்கோ. இந்த பெஞ்சுல உக்கார்றவன் கஹ்வாவுக்கு மட்டும் பில்லு கெடையாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அன்றைக்கு முன்னால் அவர் எதைக் கேட்டிருந்தாலும் பேரம் பேசியிருப்பேன்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். உள்பக்கம் நகர்ந்து, கை இல்லாத அந்த ஓரத்தைக் காலியாக விட்டார். மெத்தையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஏறு."

"நானா?"

"பின்ன, மக்கியவா கூப்புடுறேன்?"

ஏறினேன். மூட்டு கடகடவென்றது. என் காலும் எட்டவில்லை. அந்த அறையை முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். எதிர்ச்சுவர் தெரிந்தது, தெரு வாசல் தெரிந்தது, வெளியே போகிறவர்களின் முகம் தெரிந்தது. முதுகுகளாகவே பார்த்த இடத்துக்கு இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

உள்கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. முனீரா கஹ்வா கொண்டுவந்திருந்தாள். பழைய வழக்கம், நான் இறங்கப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து, நீ எங்கே போகிறாய் என்றார்.

இறங்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது கையைக் கதவுப் பக்கம் நீட்டினேன். இடையில் எதுவும் தடுக்கவில்லை.